நாலு ஒன்பது

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ‘விலையக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட இருபது வயது மூத்த பக்கத்துத் தையல்கடைக்காரர்கூட அக்கா என்பார். “எனக்குப் பேரனே இருக்கான். இருந்தாலும் அக்கான்னு கூப்பிட்டா ஏதாவது குறைப்பீங்கன்னு பாக்குறேன்” என்பது அவர் சொல்லும் காரணம். ஒருநாளும் குறைந்ததில்லை. அவரும் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

பழைய வீடியோ கேம்களை வாங்கி, துடைத்து, ஓட்டிப் பார்த்து, விலை ஒட்டி விற்கிற கடை அது. உள்ளே எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் ஒருவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். ஒரு சுவர் முழுக்க டிஸ்க்குகள். எதிர்ச் சுவரில் அதற்கும் முந்தைய காலத்துக் கேசட்டுகள், சோப்புக்கட்டி பருமனில், பெரும்பாலும் சாம்பல் நிறத்தில். நடுவில் கல்லா. கல்லாவுக்குப் பின்னால் ஒரு பழைய குண்டு டிவி, அதன் முன்னால் இரண்டு ஸ்டூல், ஓரத்தில் ரிப்பேர் மேசை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவள் செய்வது ஒரு வேலையாகவே தெரியாது. ஒரு கேசட்டை எடுப்பாள். லேபிளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள். கையில் எடை போடுவாள், ஏனென்றால் போலிகள் எப்போதும் கொஞ்சம் லேசாக இருக்கும். பிறகு மோந்து பார்ப்பாள்.

“எதுக்குக்கா மோந்து பாக்குறீங்க?” என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்.

“சிகரெட் வீட்டுச் சரக்கா இருந்தா உள்ள தகடு வரைக்கும் வாடை ஏறியிருக்கும். துடைக்க ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளுக்குக் காசு யாரு குடுப்பா, நீங்களா?”

சிலர் பழைய பழக்கத்தில் கேசட்டை வாயருகே கொண்டுபோய் உஃப் என்று ஊதப் போவார்கள். அவள் கல்லாவிலிருந்தே கத்துவாள். “ஊதாதீங்க! எச்சில் பட்டுத் துருப்பிடிக்கும். அது என்ன ஆறிப்போகணுமா, சூடா இருக்கா?”

கால்பந்து விளையாட்டுகளுக்கு அவளிடம் மதிப்பே கிடையாது. ஒவ்வொரு வருடமும் புதிது வருவதால் பழையது போன வருடத்துக் காலண்டர் மாதிரி. எதை வாங்கினாலும் அதில் ஒன்று இலவசம் என்று கூடையில் போட்டு வைத்திருந்தாள். இலவசமாகக்கூட யாரும் எடுக்க மாட்டார்கள். அட்டைப்பெட்டிகள் கதை வேறு. வாங்கிய அன்றே எல்லோரும் பெட்டியைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். இப்போது உள்ளே இருப்பதைவிடப் பெட்டிக்குத்தான் கிராக்கி. வெறும் கேசட் நூறு என்றால், பெட்டியோடு முந்நூறு. பெட்டிக்குள் அந்தச் சின்ன வழிகாட்டிப் புத்தகமும் மடங்காமல் இருந்தால் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பாள்.

விற்க வருகிறவர்களில் பாதிப் பேர் கதையோடு வருவார்கள். கதைக்கு அவள் தலையாட்டுவாள், விலை தர மாட்டாள்.

“இது என்னோட சின்ன வயசு ஞாபகம்க்கா.”

“தெரியுதுங்க. மார்க்கர்ல உங்க பேரை எழுதியிருக்கீங்களே, அதுக்கு இருபது குறைச்சிருக்கேன்.”

“நெட்ல இதையே ஒருத்தன் மூவாயிரத்துக்குப் போட்டிருக்கான்.”

“போட்டிருக்கான். போயிருக்கா?”

கேட்கிற விலை வேறு, போன விலை வேறு. அவள் போன விலையை மட்டும்தான் பார்ப்பாள். வாரத்துக்கு ஒருமுறை, எந்த ஊரில் எது உண்மையாகவே என்ன விலைக்குப் போனது என்று கணினியில் பார்த்து மனதில் வாங்கிக்கொள்வாள். அதில் பாதிதான் அவள் கொடுக்கும் விலை. மீதிப் பாதியில் வாடகை, மின்சாரம், துடைக்கிற ஸ்பிரிட், இரண்டு வருடம் அலமாரியில் தூங்கப்போகிற தூக்கம் எல்லாம் அடக்கம். முகம் சுளித்துப் போகிறவர்கள் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டுத் திரும்பி வருவார்கள். அவளும் ‘வாங்க’ என்றுதான் சொல்வாள். அதற்குமேல் குத்த மாட்டாள். குத்துவதற்கு நாத்தனார் இருந்தாள்.

நாத்தனார் என்றால் புருஷனின் தங்கை. காலையில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன், மதியத்துக்கு மேல் கடையில். “காலையில பல்லைப் பிடுங்குற இடம், சாயங்காலம் பணத்தைப் பிடுங்குற இடம்” என்று தன் உத்தியோகத்தை அறிமுகம் செய்துகொள்வாள். அவளுக்கு வாய் நீளம். அதைவிட, போனில் படம் எடுக்கிற பழக்கம் ரொம்ப நீளம்.

விலையக்கா இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு சண்டையில்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் அட்டையில் அச்சடித்ததுதான் விலை. இருமிக்கொண்டு வருகிறவனைப் பார்த்து ‘இன்னைக்கு ரேட் ஏறிடுச்சு’ என்று சொல்ல முடியாது. ஒருநாள் வீட்டுக்குப் போகும் வழியில் இந்தக் கடைக்குள் நுழைந்து, நூற்றிருபது என்று பேனாவால் எழுதியிருந்த ஒரு கேசட்டை எடுத்தாள். தம்பிக்குப் பிறந்தநாள். கல்லாவில் இருந்தவர் தலையைச் சொறிந்தார்.

“அது பழைய விலைங்க. இப்ப இருநூறு.”

“எப்பலேர்ந்து?”

“இப்பலேர்ந்து.”

“நான் கையில எடுத்ததுக்கு அப்புறமா?”

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவள் சண்டை போட்டாள். எழுதின விலைக்குக் கொடுக்க முடியாதவன் எதற்கு எழுத வேண்டும், வாயால் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்டாள். நூற்றிருபதுக்கே வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் அவர் மருந்துக்கடை வாசலில் நின்றார், தலைவலி மாத்திரை வேண்டுமாம். அதற்கடுத்த நாளும் தலைவலி. “உங்களுக்குத் தலைவலி இல்ல, நீங்களே ஒரு தலைவலி” என்று ஐந்தாவது நாள் அவள் சொன்னபோது இருவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

கல்யாணத்துக்குச் சீதனம் போல, மருந்துக்கடை முதலாளி தூக்கிப் போடவிருந்த விலை மெஷினைக் கேட்டு வாங்கி வந்தாள். துப்பாக்கி மாதிரி பிடியும், அமுக்கினால் ‘டக்’ என்று ஒரு சின்ன ஸ்டிக்கரைத் துப்புகிற வாயும் உள்ள சாமான். உள்ளே எண்களைத் திருப்ப நான்கே நான்கு சக்கரம். அதனால் அது அடிக்கக்கூடிய மிகப் பெரிய விலை 9999. அந்தக் காலத்தில் கடையில் இருந்த எதுவும் அந்த விலையின் நிழலைக்கூடத் தொட்டதில்லை. மெஷின் வந்த வாரமே கல்லாவின் தலைக்கு மேல் ஒரு பலகையும் வந்தது, அவள் கையெழுத்தில்: ‘ஒட்டிய விலையே விலை. ஏறாது.’

அவர் அவளைப் ‘பில்லம்மா’ என்று கூப்பிடுவார். வாங்குவதும் விலை ஒட்டுவதும் அவள் பாடு, ரிப்பேர் அவர் பாடு. கன்ட்ரோலர் ரிப்பேரில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. காதருகே வைத்து ஒரு பொத்தானை அமுக்கிப் பார்த்தே உள்ளே ரப்பர் போயிருக்கிறதா, தகடு போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவார்.

கல்யாணமாகிச் சில வருடம் கழித்து ஒரு மழை மதியம். ஆள் நடமாட்டம் இல்லை. காலையில் வந்த சரக்கில் பெட்டி, புத்தகம் எல்லாம் சேதமில்லாமல் ஒரு படகு விளையாட்டு இருந்தது. இரண்டு பேர் ஆடுவது. ஓடுகிற ஆற்றில் ஆளுக்கொரு படகு, பாறையில் மோதாமல் முதலில் கடலுக்குப் போய்ச் சேர வேண்டும். கம்பெனி பேர் தெரியாத கம்பெனி. அவள் 350 என்று மனதில் முடிவு செய்திருந்தாள். ஆனால் ஓட்டிக் காட்டாமல் எதையும் விற்பதில்லை என்பது கடை வழக்கம். இரண்டு பேர் ஆட்டம் என்றால் இரண்டு கன்ட்ரோலரிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இருவரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். அவள் ஜெயித்தாள். மறுபடி ஆடினார்கள். மறுபடியும் அவள்தான்.

“இரு இரு, ஒட்டாதே” என்றார் அவர். “உன்னை ஒரு தடவை ஜெயிச்சுட்டு அப்புறம் விக்கிறேன்.”

“நீங்க ஜெயிக்கிறதுக்குள்ள கடலே வத்திடும்.”

அவர் விலை மெஷினை எடுத்தார், நான்கு சக்கரத்தையும் கடைசிவரை திருப்பினார், ‘டக்’கென்று பெட்டியில் ஒட்டினார். 9999. “இந்த விலைக்கு எந்தப் பைத்தியம் வாங்கும்? நான் ஜெயிக்கிற அன்னிக்கு இதை உரிச்சுட்டு உன் முந்நூத்தம்பதை ஒட்டிக்கோ.”

அப்படி ஒரு சொல் அந்த வீட்டுக்குள் வந்தது. ‘நாலு ஒன்பது’ என்றால் கிடையாது, விற்பனைக்கு இல்லை, பேச்சை விடு என்று அர்த்தம். கடைசி முறுக்கை யாராவது கேட்டால் ‘அது நாலு ஒம்பது.’ ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போகலாமா என்றால் ‘ஞாயித்துக்கிழமை தூக்கம் நாலு ஒம்பது.’ நாத்தனாரைப் பெண் பார்க்க வந்து, மாப்பிள்ளை வீட்டார் கடையைப் பற்றியும் விசாரித்தபோது, அவளே உள்ளேயிருந்து “கடையும் நாலு ஒம்பது, நானும் நாலு ஒம்பது” என்று குரல் கொடுத்தாள். அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று. யாரும் அழவில்லை.

மதியத்தில் ஆள் இல்லாத நேரமெல்லாம் படகு ஆடினார்கள். ரிப்பேர் மேசைப் பக்கத்து ஸ்டூல் அவருடையது. கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகிப்போன ஒரு சாம்பல் கன்ட்ரோலரும் அவருடையது. அதை வேறு யாரும் தொடக்கூடாது. “என் கைக்குப் பழகினது” என்பார். கடைசி வளைவுவரை நெருக்கமாக வருவார். அங்கே பாறையில் போய் இடிப்பார். இடித்ததும் ஐயோ என்று தலையில் அடித்துக்கொள்வார். அவள் கை தட்டிச் சிரிப்பாள். பதினோரு வருடம். ஒருமுறைகூட அவர் ஜெயிக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், நெஞ்சு என்னவோ செய்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், கடைச்சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே போய்விட்டார்.

அவள் ஒரு வாரம் கழித்துக் கடையைத் திறந்தாள். ரிப்பேரை வெளியில் ஒருவரிடம் கொடுத்து வாங்கினாள். அவருடைய கன்ட்ரோலரைச் சுவர் ஆணியில் மாட்டினாள். படகுப் பெட்டியை மேல் தட்டில், கண்ணாடிக்குப் பின்னால் வைத்தாள். ஆறு மாதம் கழித்து உறவில் ஒரு பெரியம்மா, இன்னும் வயசிருக்கே, தனியா எத்தனை நாளைக்கு என்று ஆரம்பித்தபோது நாத்தனார்தான் வாசல்படியிலேயே மறித்தாள். “பெரியம்மா, அண்ணி நாலு ஒம்பது.” பெரியம்மாவுக்குப் புரியவில்லை. புரிந்த இரண்டு பேரும் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தார்கள்.

சிக்கல் படத்தில் வந்தது.

அலமாரிக்குப் புதிதாக விளக்குப் போட்டார்கள். அழகாக இருக்கிறதே என்று நாத்தனார் சுவர் முழுவதையும் படம் எடுத்துக் கடையின் இணையப் பக்கத்தில் போட்டாள். மேல் தட்டு, கண்ணாடி, படகுப் பெட்டி, அதன் மூலையில் நான்கு ஒன்பது, எல்லாம் துல்லியமாக விழுந்திருந்தது. மறுநாள் காலையிலிருந்து போன் ஓயவில்லை.

“மேல இருக்கிற படகு கேம் இருக்குங்களா?”

“அது நாலு ஒம்பதுங்க” என்றாள் விலையக்கா, வழக்கம்போல.

“ஆமாங்க, படத்துல பாத்தேன். எடுத்துக்கறேன். நேர்ல வர்றேன், அட்வான்ஸ் அனுப்பவா?”

அவள் போனை வைத்தாள். பிறகு கணினியைத் திறந்தாள். எல்லாச் சாமானின் போன விலையையும் வாரம் தவறாமல் பார்ப்பவள், இந்த ஒன்றை மட்டும் இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை. விற்காத சாமானுக்கு எதற்கு விலை பார்ப்பது? அந்தப் பேர் தெரியாத கம்பெனி இரண்டே வருடத்தில் மூடிவிட்டதாம். வந்த பிரதிகளே கொஞ்சமாம். பெட்டியும் புத்தகமுமாக ஒன்று போன மாதம் முப்பத்திரண்டாயிரத்துக்குப் போயிருக்கிறது. கேட்ட விலை இல்லை, போன விலை.

மதியம் வந்த நாத்தனாரிடம் சொன்னாள்.

“அதனால என்ன அண்ணி? எடுத்து உள்ள வெச்சிடுங்க. வந்து கேட்டா இல்லைன்னு சொல்லிடலாம்.”

“இருக்கான்னு கேட்டான். நாலு ஒம்பதுன்னு நானே வாயால சொல்லிட்டேனே.”

“அது நம்ம பாஷை அண்ணி!”

“அவனுக்கு அது வெறும் நம்பர். பலகையில என்ன எழுதியிருக்கு?”

“பலகையை நீங்கதான எழுதினீங்க? கொஞ்சம் அழிச்சுக்கலாம்.”

“எழுதினவளே அழிச்சா அப்புறம் அது எதுக்குத் தொங்கணும்?”

வாய் அப்படிச் சொன்னதே தவிர, நாத்தனார் டீ வாங்கப் போனதும் அவள் ஸ்டூலில் ஏறிப் பெட்டியை எடுத்தாள். ஸ்டிக்கரின் ஒரு முனையை நகத்தால் நெண்டினாள். பழைய பசை. முனையோடு அட்டையின் வண்ணமும் இழையாக எழும்பியது. இதே போல் உரித்துப் பெட்டியைக் கெடுத்தவர்களை எத்தனை திட்டியிருப்பாள். விரலால் தடவி முனையைத் திரும்ப ஒட்டவைத்து, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தாள். அவள் ஒட்டாத ஒரே ஸ்டிக்கர் அது. அவளால் உரிக்கவும் முடியவில்லை.

போனில் கேட்டவர் சாயங்காலமே வந்துவிட்டார். நெட்டையாக, தோளில் பஞ்சு வைத்த பையோடு. உள்ளே வந்ததும் முதல் வேலையாகப் பாக்கெட்டிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“அண்ணி, டாக்டர் வந்திருக்கார், ஆபரேஷனுக்கு” என்று நாத்தனார் முணுமுணுத்தாள்.

கையுறைக்காரர் பெட்டியைக் கைக்குழந்தையைப் போல வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வாய் மெல்லத் திறந்துகொண்டே போனது. பிறகு நியாயஸ்தராகவே சொன்னார்: “அக்கா, ஒண்ணு சொல்லிடறேன். இதோட மார்க்கெட் விலை உங்களுக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியல.”

“தெரியும். முப்பத்திரண்டு.”

“அப்போ இந்த விலை...”

அவள் தலைக்கு மேலே காட்டினாள். அவர் பலகையைப் படித்தார். திரும்பவும் படித்தார்.

“அண்ணி” என்றாள் நாத்தனார். இந்தமுறை குரலில் விளையாட்டு இல்லை. “யோசிச்சுக்கோங்க.”

“உங்கண்ணன்கிட்ட நான் அன்னிக்கு எதுக்குச் சண்டை போட்டேன்? எண்பது ரூபா மிச்சம் பண்ணவா?” அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். “உட்காருங்க சார். ஓட்டிக் காட்டாம குடுக்கிறதில்ல.”

“ஐயோ வேண்டாம்க்கா! அதை வெளிய எடுத்தா... அப்படியே குடுங்க, நான் கண்ணாடிப் பெட்டியில வெக்கப்போறேன்.”

“கண்ணாடிப் பெட்டியில வெச்சாலும் ஓடுற கேசட்டைத்தான் வெக்கணும். கையுறையைக் கழட்டுங்க. கன்ட்ரோலர் வழுக்கும்.”

வழக்கமான இரண்டாவது கன்ட்ரோலர் ரிப்பேருக்குப் போயிருந்தது. விலையக்கா சுதாரிப்பதற்குள் நாத்தனார் ஆணியிலிருந்ததை எடுத்து நீட்டிவிட்டாள். அதை வேண்டாம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லவில்லை.

கையுறைக்காரர் ரிப்பேர் மேசைப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். டிவியில் ஆறு ஓட ஆரம்பித்தது. அந்த ‘டிங்கிடி டிங்கிடி’ இசையை அவள் கேட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆனால் கட்டைவிரல்கள் மறக்கவில்லை. படகுகள் ஒட்டி ஒட்டிப் போயின. ஆள் பரவாயில்லையே என்று அவள் நினைத்த நேரத்தில் கடைசி வளைவு வந்தது. கையுறைக்காரரின் படகு நேராகப் போய் அதே பாறையில் இடித்தது.

அவள் தன்னையறியாமல் கை தட்டிச் சிரித்துவிட்டாள்.

“அக்கா, இதுல இடது பொத்தான் சரியில்ல” என்றார் அவர்.

“தோத்தவங்க எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க.”

“இல்லக்கா, நிஜமாத்தான். அழுத்தி அமுக்கினா வேலை செய்யுது. அவசரத்துல லேசா தொட்டா எடுக்க மாட்டேங்குது. அந்த வளைவுல சடக்குன்னு இடது பக்கம் திரும்பணும், அங்கதான் கைவிடுது. பிடிச்சுப் பாருங்க.”

அவள் வாங்கி அமுக்கினாள். அழுத்தினால் படகு திரும்பியது. லேசாகத் தொட்டால் திரும்பவில்லை. மறுபடி. மறுபடி. இந்தக் கடைக்குள் வந்த ஒவ்வொரு பொத்தானையும் அமுக்கிப் பார்த்து விலை போட்டவள், இந்த ஒரு கன்ட்ரோலரை மட்டும் ஒருநாளும் சோதித்ததில்லை. விற்பனைக்கு இல்லாததை எதற்குச் சோதிப்பது?

“சும்மா கிடந்து ரப்பர் போயிருக்கும் அண்ணி” என்றாள் நாத்தனார்.

அவள், என் கன்ட்ரோலரில் இன்னொரு ஆட்டம் பாருங்கள் என்று அவரிடம் கொடுத்து, எல்லாம் ஓடுவதைக் காட்டி, புத்தகத்தையும் கேசட்டையும் பெட்டிக்குள் வைத்து, பில் போட்டாள். ஒட்டிய விலை. கையுறைக்காரர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

“கூட ஏதாவது வாங்கிக்கறேன்க்கா. மனசுக்குக் கஷ்டமா இருக்கு.”

“கூடையில கால்பந்து இருக்கு பாருங்க, இலவசம்.”

“எத்தனை எடுத்துக்கலாம்?” என்று அவர் கேட்டதும், “அத்தனையும்!” என்று நாத்தனார் கூடையோடு தூக்கிக் கொடுத்துவிட்டாள். பல வருடத்துக்குப் பிறகு அந்தக் கூடை காலியானது.

அவர் போனதும் விலையக்கா ரிப்பேர் மேசையில் உட்கார்ந்தாள். புருஷனுடைய ஸ்க்ரூ டிரைவர் இழுப்பறையில் அப்படியே இருந்தது. பின்பக்கத் திருகுகளைக் கழற்றினாள். ஒவ்வொன்றும் வெண்ணெயாகச் சுழன்று வந்தது. அடிக்கடி திறந்து மூடப்பட்டவை அப்படித்தான் வரும். உள்ளே ரப்பர் புதிது போல இருந்தது. இடது பொத்தானுக்கு அடியில், தகட்டின் சரியாகப் பாதியை மறைத்து, நகத்துண்டு அளவுக்கு ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. விலை ஸ்டிக்கரிலிருந்து கத்தரியால் நேர்த்தியாக வெட்டியது. எண் எதுவும் இல்லாத வெறும் ஓரம்.

நாத்தனார் குனிந்து பார்த்தாள்.

“அண்ணி” என்று நாத்தனார் மெதுவாகச் சொன்னாள். “அண்ணன் ஏமாத்தியிருக்கான்.”

“ஏமாத்தி ஜெயிக்கிறவனைப் பாத்திருக்கேன்” என்றாள் விலையக்கா. “ஏமாத்தித் தோக்குறவனை...”

புடவைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். பிறகு திடீரென்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அப்ப பதினோரு வருஷத்துல நான் ஒரு தடவைகூட ஒழுங்கா ஜெயிக்கலையா? தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே! அந்தத் தையல்காரர்கிட்டகூடச் சொன்னேன்!”

“தலையில வேற அடிச்சுக்குவான் அண்ணி. என்னா நடிப்பு!”

“ஐயோன்னு கத்துவாரே...”

“ஒவ்வொரு தடவையும்!”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டுத் தையல்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இரண்டு பேர் கண்ணும் ஈரமாக இருப்பதைக் கண்டு, ஒன்றும் கேட்காமல், ஊசி தேடுகிறவர் போலத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

விலையக்கா கன்ட்ரோலரை மூடத் தொடங்கினாள்.

“அந்தப் பேப்பரை எடுக்கலையா? ரிப்பேர் பண்ணிடலாமே.”

“இது ரிப்பேர் இல்ல. செட்டிங்.”

திருகுகளை முறுக்கினாள். விலை மெஷினை எடுத்து, நான்கு சக்கரத்தையும் கடைசிவரை திருப்பி, கன்ட்ரோலரின் முதுகில் ‘டக்’கென்று ஒட்டினாள்.

நாத்தனார் கன்னத்தில் கைவைத்தாள். “மறுபடியுமா? இதுவும் ஒருநாள் விலை ஏறி, எவனாவது கையுறை மாட்டிக்கிட்டு வந்து நின்னா?”

அவள் அதை ஒரு வியாபாரியின் கண்ணால் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிளாஸ்டிக் மஞ்சளேறியிருந்தது. விரல் தேய்ந்த இடத்தில் எழுத்து அழிந்திருந்தது. இடது பொத்தான் அரைகுறை. பெட்டி கிடையாது, புத்தகம் கிடையாது.

“இதுக்கா?” என்றாள், திருப்தியாக. “தலைகீழா நின்னாலும் ஏறாது.”

ஆணியில் மாட்டினாள். போன் அடித்தது. படகு விளையாட்டு இருக்கிறதா என்று யாரோ கேட்டார்கள்.

“போயிடுச்சுங்க.”

“என்ன விலைக்குப் போச்சு?”

“ஒட்டின விலைக்கு” என்று சொல்லிவிட்டு, அடுத்த கேசட்டை எடுத்து மோந்து பார்த்தாள்.